காப்பிக்கும் காதலுக்கும் ஒரே சொல்

சில வருஷங்களுக்கு முன் என் நாவல் ஒன்று வாரப் பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தபோது ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். நாலே வரிதான். பதினெட்டாவது வாரத்தில் என் கதாநாயகன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு கதாநாயகியிடம், "நான் உன்னை நேசிக்கிறேன்" என்று சொல்கிறான். "ஐயா, இப்படிப் பேசுகிறவர்களை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. உங்கள் ஊரில் உண்டா?" என்று அந்த அம்மாள் கேட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊரிலும் அப்படி யாரும் பேசுவதில்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம். இலக்கியத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு என்று ஒரு வியாக்கியானம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த அம்மாளின் கடிதம் மட்டும் மேஜை டிராயரில் தங்கிவிட்டது.

அந்தக் கடிதத்துக்குப் பதில், கடைசியில் ஸ்பெயின் தேசத்திலிருந்து வந்தது. வந்த வழி வேடிக்கையானது.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பையனை அவனுடைய கம்பெனி மெக்ஸிகோவுக்கு அனுப்புவதாக இருந்தது. அதற்காக ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் புஸ்தகமும் கையுமாகக் கீழே இறங்கி வந்தான்.

"சார், நீங்கள் எழுத்தாளர். இதற்கு ஒரு நியாயம் சொல்லுங்கள். 'கியேரோ ஊன் கஃபே' என்றால் எனக்கு ஒரு காப்பி வேண்டும் என்று அர்த்தம். 'தே கியேரோ' என்றால் உன்மேல் எனக்குக் காதல் என்று அர்த்தம். காப்பிக்கும் காதலுக்கும் ஒரே வார்த்தையா? இந்த ஜனங்களுக்கு வித்தியாசமே தெரியாதா?"

எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு முடித்துக்கொண்டவன் நான். லத்தீன் எனக்குச் சர்ச் மணி ஓசை மாதிரி, தூரத்தில் கேட்கும் சமாசாரம். ஆனால் ஒரு சொல்லைப் பற்றி யாராவது சந்தேகம் கேட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு பழைய அகராதி வாங்கினேன். அதோடு, இருபது வருஷத்துக்கு முன் ஆங்கிலத்தில் படித்திருந்த டான் க்விக்ஸோட்டை மறுபடி எடுத்தேன். ஸ்பானிஷ் மூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அந்த ஒரு சொல் வருகிற இடங்களை மட்டுமாவது எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவது என்று தீர்மானம். இப்போது எழுதுவது அந்தப் படிப்பின் பலன்தான். பண்டிதர்கள் மன்னிக்கவேண்டும்.

சொல்லின் பெயர் கெரேர். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் தினம் நூறு தடவை சொல்லும் வினைச்சொல். வேண்டும், விரும்பு, அன்பு கொள், காதலி என்று எல்லாவற்றுக்கும் அது வரும். இதற்குத் தாய் லத்தீனில் க்வைரெரே என்ற சொல். அதற்குக் காதல் என்ற அர்த்தம் கிடையாது. வேண்டும் என்ற அர்த்தம்கூட நேராகக் கிடையாது. தேடு, விசாரி, கேள் என்பவைதான் அதன் அர்த்தங்கள். ஆங்கிலத்தில் கொஸ்டின் என்கிறோமே, என்கொயரி, ரெக்வெஸ்ட் என்கிறோமே, அவையெல்லாம் இந்த வேரில் முளைத்தவை.

கி.மு. 218-இல் ரோமானியப் படைகள் ஸ்பெயின் கரையில் இறங்கின. சிப்பாய்களோடும் வியாபாரிகளோடும் லத்தீனும் இறங்கியது. பண்டித லத்தீனில் வேண்டுதலுக்கு வெல்லே என்று ஒரு சொல்லும், காதலுக்கு அமாரே என்று ஒரு சொல்லும் தனித்தனியாக இருந்தன. வெல்லேயின் வம்சம் பிரான்ஸிலும் இத்தாலியிலும் இன்றுவரை வாழ்கிறது. ஸ்பானிஷிலும் போர்த்துகீஸிலும் அது பட்டுப்போயிற்று. அந்த வேலையைத் தேடு என்ற சொல் எடுத்துக்கொண்டது. தேடுகிறவனுக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது அல்லவா? அந்த வழியாகத் தேடல், வேண்டுதல் ஆயிற்று. ஒரு மனிதரே வேண்டும் என்றபோது வேண்டுதல் அன்பு ஆயிற்று. அமாரேயின் பிள்ளையான அமார் ஸ்பானிஷில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது பட்டுப் புடவை மாதிரி, விசேஷத்துக்கு எடுப்பது. பாட்டி பேரனிடம் சொல்வதும், அண்ணன் தங்கையிடம் சொல்வதும், சிநேகிதன் சிநேகிதனிடம் சொல்வதும் தே கியேரோதான்.

லத்தீனின் மற்றப் பிள்ளைகள் இதே சொத்தை எப்படிச் செலவழித்தார்கள் என்று பார்ப்பது சுவாரசியமாக இருக்கிறது. இத்தாலியில் க்வைரெரே, கியேதெரே என்று மாறிக் கேள் என்ற அர்த்தத்தோடு நின்றுவிட்டது. ருமேனியாவிலும் அப்படியே. பிரான்ஸில் கெரீர் என்று ஒரு கிழச்சொல்லாக, போய் எடுத்துவா என்ற அர்த்தத்தில் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. அன்பைச் சொல்லும் முறையும் வீட்டுக்கு வீடு வேறு. இத்தாலிக்காரர் தாயிடமும் சிநேகிதரிடமும், உனக்கு நல்லது வேண்டுகிறேன் என்கிறார். ஸ்பெயினின் கிழக்குப் பக்கத்துக் கதலான் மொழிக்காரர், உன்னை மதிக்கிறேன் என்று அர்த்தம் தரும் லத்தீன் சொல்லிலிருந்து தன் காதலைச் செய்துகொண்டார். காஸ்டீலியர் மட்டும், உன்னைத் தேடுகிறேன் என்பதிலிருந்து செய்துகொண்டார். மூன்றும் அழகுதான். ஆனால் தேடுவதில் ஒரு அபாயம் இருக்கிறது. நல்லது வேண்டுவதிலும் மதிப்பதிலும் அந்த அபாயம் இல்லை.

என்ன அபாயம் என்று கேட்டால், இந்தச் சொல்லின் உடன்பிறந்தவர்களைப் பார்க்கவேண்டும்.

க்வைரெரேயோடு ஒரு சின்ன முன்னொட்டுச் சேர்த்தால் தேடிச் சேர்ப்பது என்று ஆகும். அதிலிருந்து வந்தது கொன்கிஸ்தார்: ஜெயித்துப் பிடிப்பது. அமெரிக்கக் கண்டத்தைப் பிடிக்கப் போன ஸ்பானியர்களுக்குக் கொன்கிஸ்தாதோர் என்று பெயர். ஒரு பெண்ணின் மனசைக் கவர்வதற்கும் ஸ்பானிஷில் கொன்கிஸ்தார் என்றே சொல்கிறார்கள். இன்னொரு முன்னொட்டுச் சேர்த்தால் துருவி விசாரிப்பது. அதிலிருந்து வந்தது இன்க்விஸிஷன். 1478-இல் ஸ்பெயினில் ஆரம்பித்து 1834-இல்தான் ஒருவழியாக ஒழிந்த மத விசாரணை. மூன்றாவது முன்னொட்டுச் சேர்த்தால் வலியுறுத்திக் கேட்பது. அதிலிருந்து வந்தது ரெகெரிமியெந்தோ.

இந்த மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1513-இல் பலாஸியோஸ் ரூபியோஸ் என்ற சட்ட பண்டிதர் எழுதிக் கொடுத்த பத்திரம் அது. ஸ்பானியப் படை ஒரு புதிய ஊரை அடைந்ததும் அங்குள்ள பூர்வ குடிகளுக்கு இதைப் படித்துக் காட்டவேண்டும். கிறிஸ்தவ சபையையும் காஸ்டீல் ராஜ்யத்தையும் ஏற்றுக்கொள்ளும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறோம், மறுத்தால் யுத்தம், அடிமைத்தனம், வரும் சாவுக்கும் சேதத்துக்கும் நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். படித்தது ஸ்பானிஷில். கேட்டவர்களுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆளே இல்லாத குடிசைகளைப் பார்த்தும் படித்தார்கள். இதைப் பற்றி எழுதிய பாதிரியார் லாஸ் காஸாஸ், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை என்று மனம் வெதும்பினார்.

கேட்பது என்ற சொல்லிலிருந்து பிறந்த காரியம். ஆனால் அதில் கேட்பது என்பதே இல்லை. மாடிப் பையன் காப்பியையும் காதலையும் பார்த்துச் சிரித்தான். எனக்கு இந்தக் குடும்பப் படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே வேரில் அன்பு, ஆக்கிரமிப்பு, சித்திரவதை மூன்றும் இருக்கின்றன. தேடுகிறவன் தேடப்படுகிறவரை ஒரு வார்த்தை கேட்டானா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறதென்று எனக்குத் தோன்றியது.

நாம் ஸ்பானியர்களைப் பார்த்து ஆச்சரியப்படவும் நியாயமில்லை. நம்முடைய 'வேண்டும்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பி வேண்டும். சாமியிடம் வேண்டுதல். அதிகாரியிடம் வேண்டுகோள். "அவர் எங்களுக்கு ரொம்ப வேண்டியவர்" என்றால் பிரியமானவர் என்று அர்த்தம். ஸ்பானிஷ்காரர் கடிதத்தின் தலைப்பில் அன்புள்ள என்பதற்குப் போடும் கெரிதோவுக்கு அச்சாக நம்முடைய வேண்டியவர். யாராவது ஒருவர் என்பதற்கு அவர்கள் கியென்கியேரா என்று கெரேரை ஒட்டவைப்பார்கள். நாம் யார் வேண்டுமானாலும் என்கிறோம். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க அவர்கள், இது என்ன சொல்ல வேண்டுகிறது என்று கேட்கிறார்கள். இந்தக் கடைசிப் பிரயோகம் நம்மிடம் இல்லையே என்று எனக்குப் பொறாமை. ஒரு சொல்லுக்கும் ஆசை உண்டு என்று ஒப்புக்கொள்ளும் பாஷை அது.

ஒரே ஒரு முக்கியமான வித்தியாசம். நாம் "எனக்கு வேண்டும்" என்கிறோம். எனக்குப் பசி, எனக்குக் காய்ச்சல் என்பதைப் போல. வேண்டுதல் எங்கிருந்தோ வந்து என்மேல் உட்காருகிறது. நான் என்ன செய்வேன்? ஸ்பானிஷில் 'நான்' எழுவாய். தேடுகிறவன் நான், பொறுப்பும் என்னுடையது.

இலக்கணப் புஸ்தகத்தில் மாடிப் பையன் காட்டிய இன்னொரு விஷயம் என்னை மயக்கிவிட்டது. 'கியேரோ ஊனா கோஸினேரா' என்றால் ஒரு சமையற்காரி வேண்டும் என்று அர்த்தம். யாராக இருந்தாலும் சரி, ரசம் வைக்கத் தெரிந்தால் போதும். நடுவில் 'ஆ' என்று ஓர் எழுத்தைச் சேர்த்து 'கியேரோ ஆ லா கோஸினேரா' என்று சொல்லிவிட்டால் விவகாரம் வேறு: அந்தச் சமையற்காரியின்மேல் எனக்குப் பிரியம்! குறிப்பிட்ட ஒரு மனிதரைச் செயப்படுபொருளாக வைத்தால் அந்த 'ஆ' வரவேண்டும் என்பது அவர்கள் விதி. பையன் இது விசித்திரமான விதி என்றான். "உன் அத்தான் பெண் பார்த்தானா, பெண்ணைப் பார்த்தானா?" என்று கேட்டேன். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான். பெண் பார்ப்பது பத்து வீட்டில் நடக்கும். பெண்ணைப் பார்ப்பது ஒரு வீட்டில்தான். நம்முடைய இரண்டாம் வேற்றுமை உருபு 'ஐ' செய்கிற காரியத்தைத்தான் அவர்களுடைய 'ஆ'வும் செய்கிறது. பண்டமாக இருந்தவரை மனிதராக்குகிறது.

இவ்வளவையும் மனசில் வைத்துக்கொண்டு டான் க்விக்ஸோட்டைப் படித்தபோது, அது இந்த ஒரு வினைச்சொல்லைப் பற்றிய நாவலோ என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது. மிகையாகச் சொல்கிறேன். ஆனால் அதிகம் மிகையில்லை.

கதை எல்லாருக்கும் தெரியும். வீர சாகசக் கதைகளைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்த ஒரு கிராமத்துக் கனவான், துருப்பிடித்த கவசத்தை மாட்டிக்கொண்டு, நோஞ்சான் குதிரைமேல் ஏறி, சாகசம் தேடிப் புறப்படுகிறார். முதல் பாகம் 1605-இல் வந்தது. இரண்டாம் பாகம் 1615-இல். எழுதிய ஸெர்வாண்டிஸ், வேண்டுவதும் கிடைக்காமல் போவதும் என்னவென்று அறிந்தவர். 1575-இல் கடற்கொள்ளைக்காரரிடம் அகப்பட்டு ஐந்து வருஷம் அல்ஜியர்ஸில் அடிமையாகக் கிடந்தார். 1590-இல் அமெரிக்க ராஜ்யங்களில் ஓர் உத்தியோகம் வேண்டுமென்று மனுப் போட்டார். இங்கேயே ஏதாவது தேடிக்கொள்ளட்டும் என்று மனுவின்மேல் எழுதித் திருப்பிவிட்டார்கள். அவரும் இங்கேயே தேடிக்கொண்டார். கிடைத்தது இந்த நாவல்.

நாவலின் முதல் வாக்கியத்திலேயே கெரேர் வந்துவிடுகிறது. லா மாஞ்சாவில் ஒரு கிராமம், அதன் பெயரை ஞாபகப்படுத்திக்கொள்ள ஆசிரியருக்கு இஷ்டமில்லை. இந்த இஷ்டமின்மையைப் பற்றி ஸ்பானியப் பண்டிதர்களுக்குள் விவாதம் உண்டு. அந்தக் காலப் பேச்சில் இதற்கு, ஞாபகம் வரவில்லை என்ற அளவில் லேசான அர்த்தமும் இருந்தது என்கிறார்கள் சிலர். வேண்டுமென்றே மறைக்கிறாரா, மறந்துவிட்டாரா? சொல் இரண்டு பக்கமும் சாயும். ஒரு மனிதனின் ஆசையைப் பற்றிய நாவல், ஆசிரியரின் இஷ்டமின்மையோடு ஆரம்பிக்கிறது. இதைக் கவனியுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

முதல் பாகத்தின் 25-ஆவது அத்தியாயம். டான் க்விக்ஸோட் தன் காதலி துல்ஸினேயா யார் என்ற ரகசியத்தைச் சாஞ்சோவிடம் விட்டுவிடுகிறார். பன்னிரண்டு வருஷமாகக் கண்ணின் ஒளியைவிட மேலாக அவள்மேல் பிரியம். ஆனால் நாலு தடவை பார்த்திருந்தால் அதிகம். அந்த நாலில் ஒரு தடவையாவது தான் பார்ப்பதை அவள் கவனித்தாளோ என்னவோ. எழுதப் படிக்கத் தெரியாத பெண். இதெல்லாம் கேட்ட பிறகுதான் சாஞ்சோவுக்கு ஆள் புரிகிறது. அட, நம் ஊர்ப் பக்கத்து அல்தோன்ஸா லொரென்ஸோவா! பலசாலிப் பெண், வயலில் நிற்கும் ஆட்களைக் கோபுரத்திலிருந்து கூப்பிட்டால் காத தூரம் கேட்கும் என்று மெச்சுகிறான்.

அப்போது டான் க்விக்ஸோட் ஒரு கதை சொல்கிறார். பணக்கார இளம் விதவை ஒருத்தி, மடத்தில் படிப்பில்லாத வாட்டசாட்டமான ஒரு பணியாளன்மேல் ஆசைப்பட்டுவிடுகிறாள். மடத்துப் பெரியவர் வந்து, இங்கே எத்தனை சாஸ்திர பண்டிதர்கள் இருக்கிறார்கள், பேரிக்காய் பொறுக்குகிற மாதிரி இது வேண்டும் இது வேண்டாம் என்று பொறுக்கியிருக்கலாமே என்கிறார். அவள் சிரித்துக்கொண்டு, நான் அவனை எதற்காக விரும்புகிறேனோ அதற்கு அவன் அரிஸ்டாட்டிலைவிட அதிகத் தத்துவம் படித்தவன் என்கிறாள். அதே மாதிரி, நான் துல்ஸினேயாவை விரும்புகிற காரியத்துக்கு அவள் உலகத்து ராஜகுமாரிகளுக்கு இளைத்தவளல்ல என்று முடிக்கிறார் நம் வீரர்.

பேரிக்காய்க்கும், பணியாளனுக்கும், துல்ஸினேயாவுக்கும் அந்த இடத்தில் ஸெர்வாண்டிஸ் போட்டிருப்பது ஒரே சொல், கெரேர். ஸ்பானியர் படிக்கும்போது சொல் மூன்று படி ஏறுவது காதில் கேட்கும். மூன்று படியும் ஒரே மரத்தில் செய்தது என்பதும் தெரியும். நான் படித்த ஆங்கில மொழிபெயர்ப்பு 'வேண்டும்' பக்கமே நின்றுவிட்டது; காதல் அதில் கீழே விழுந்துவிட்டது. மொழிபெயர்த்தவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பாஷையில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். அவர் என்ன செய்வார்?

ஆனால் நான் கவனித்தது வேறு ஒன்று. அந்த விதவை, பாவமோ புண்ணியமோ, தான் விரும்பியவனை அறிந்தவள். நம் வீரரோ, எதற்காக விரும்புகிறேனோ அதற்குப் போதும் என்கிறார். எதற்காக? கவிதைக்கு ஒரு பெயர் வேண்டும். சண்டையில் ஜெயித்தால் காணிக்கை வைக்க ஒரு சந்நிதி வேண்டும். அல்தோன்ஸாவுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி பன்னிரண்டு வருஷமாக அவருக்கு எழவில்லை. இலக்கணப்படி 'ஆ' போட்டிருக்கிறார், மனசில் போடவில்லை. அவருடைய காதல் எவ்வளவு உத்தமமானது என்று நாம் கண் கலங்குகிறோம். அது கேள்வி கேட்காத காதல் என்பதை ஸெர்வாண்டிஸ் மறக்கவிடவில்லை.

இதற்கு முன்பே அவர் ஒரு எச்சரிக்கை வைத்திருக்கிறார். மார்ஸெலா என்ற இடைப்பெண்ணின் கதை. அவள் அழகில் மயங்கிய கிரிஸோஸ்தொமோ என்ற படித்த இளைஞன், அவள் இணங்காததால் உயிரை விட்டுவிடுகிறான். ஊரே கூடி அவனை அடக்கம் செய்யும்போது, கொலைகாரி என்று எல்லாரும் அவளைத் திட்டுகிறார்கள். அவள் பாறைமேல் வந்து நின்று பதில் சொல்கிறாள். நான் சுதந்திரமாகப் பிறந்தவள். என்னை ஒருவர் விரும்பியதற்காக நான் அவரைத் திரும்ப விரும்பவேண்டும் என்ற கடமை எங்கிருந்து வந்தது? இதுதான் அவள் வாதம். அந்தப் பேச்சில் எனக்கு ஒரு சின்ன ஆச்சரியம் கிடைத்தது. காதலைச் சொல்லும் இடத்தில் அவள் வாயில் விசேஷச் சொல்லான அமார் வருகிறது. நான் உங்களைக் காதலிக்கக் கடமைப்பட்டவள் என்று நீங்கள் சொல்கிறீர்கள், அப்படி இருக்கவேண்டும் என்று வேண்டவும் செய்கிறீர்கள் என்று குற்றம் சாட்டும் இடத்தில் கெரேர் வருகிறது. ஊரார் ஒன்றாக்கிவைத்திருந்த சொல்லை அந்தப் பெண் இரண்டாகப் பிளந்து காட்டிவிடுகிறாள்: இது உங்கள் வேண்டுதல், அது காதல், இரண்டும் ஒன்றல்ல.

பேசி முடித்ததும் காட்டுக்குள் போய்விடுகிறாள். யாரும் அவளைப் பின்தொடரக்கூடாது என்று டான் க்விக்ஸோட் வாளில் கைவைத்துக்கொண்டு கர்ஜிக்கிறார். அடடா, ஒருவராவது புரிந்துகொண்டாரே என்று நாம் நினைக்கிறோம். அத்தியாயம் முடிவதற்குள், அவளைத் தேடிப் போய்த் தன் சேவையைச் சமர்ப்பிப்பதாகத் தீர்மானிக்கிறார்! இரண்டு மணி நேரத்துக்குமேல் காட்டில் தேடுகிறார்; அவள் அகப்படவில்லை. தேடவேண்டாம் என்றுதானே அந்தப் பெண் அவ்வளவு நேரம் பேசினாள்? இந்த இடத்தில் உரக்கச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு என் கதாநாயகனின் ஞாபகம் வந்தது.

இரண்டாம் பாகத்தில், எசமானை ஏமாற்றச் சாஞ்சோ மூன்று கிராமத்துப் பெண்களைக் காட்டி, இதோ துல்ஸினேயா என்கிறான். வீரர் மண்டியிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்: கழுதைமேல் ஒரு பட்டிக்காட்டுப் பெண், பூண்டு வாடை. வழி விடுங்கள், எங்களுக்கு அவசரம் என்று அவள் கத்துகிறாள். யாரோ மந்திரவாதி தன் காதலியை உருமாற்றிவிட்டான் என்று அவர் நொறுங்கிப்போகிறார். எல்லாரும் அவருடைய துக்கத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பெண்ணின்மேல்தான் கண். அத்தனை பெரிய புஸ்தகத்தில் நிஜத் துல்ஸினேயா வாய் திறப்பதே இல்லை. அவள் பெயரைச் சுமந்த இந்தப் பெண்ணாவது தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அவளுக்கு வேண்டியது வழி. வேறொன்றுமில்லை.

அல்தோன்ஸாவை ஒரு பக்கமாவது பேசவிட்டிருக்கலாம் என்பது இந்த நாவலைப் பற்றி என் குறை. நானூறு வருஷமாக உலகம் மெச்சும் ஆசிரியரிடம் குறை சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்பார்கள். ஆனாலும் குறைதான். ஒருவேளை அந்த மௌனத்தை அவர் வேண்டுமென்றே வைத்தார் என்று சமாதானம் சொல்லலாம். கேட்காதவனுக்குப் பதில் எப்படிக் கிடைக்கும்?

கடைசி அத்தியாயத்தில் வீரருக்குப் புத்தி தெளிகிறது. உயில் எழுதிவிட்டுச் சாகிறார். செத்துப்போகாதீர்கள் என்று சாஞ்சோ கெஞ்சுகிறான். பிறகு ஆசிரியர், முதல் வாக்கியத்து விஷயத்துக்குத் திரும்புகிறார். கதையை எழுதியதாகச் சொல்லப்படும் ஸிதே ஹமேத்தே என்ற அராபியருக்கு அந்த ஊரின் பெயரைக் குறிப்பிட இஷ்டமில்லை. மறுபடியும் கெரேர்; ஆனால் இப்போது காரணம் சொல்கிறார். ஹோமர் எங்கள் ஊர்க்காரர் என்று ஏழு கிரேக்க நகரங்கள் போட்டி போட்டதைப் போல, லா மாஞ்சாவின் ஊர்களெல்லாம் இவரைத் தங்கள் பிள்ளையாகச் சுவீகாரம் எடுத்துக்கொள்ளப் போட்டி போடட்டும் என்பதற்காகவாம். தேடித் தேடி அலைந்த மனிதர் கடைசியில் எல்லாருக்கும் வேண்டியவராகிவிட்டார். முதல் வாக்கியத்தில் சலிப்பாகத் தெரிந்த இஷ்டமின்மை, கடைசியில் அன்பாகத் திரும்பி வருகிறது. கெரேரின் இரண்டு முனைகளையும் ஸெர்வாண்டிஸ் இப்படிக் கட்டி முடிச்சுப் போட்டிருக்கிறார். அடுத்த வருஷமே, 1616-இல், அவர் காலமானார்.

மாடிப் பையனுக்கு என் பதிலைச் சொன்னேன். காப்பிக்கும் காதலுக்கும் வித்தியாசம் தெரியாததால் அவர்கள் ஒரே சொல்லை வைக்கவில்லை. எல்லாக் காதலும் ஏதோ ஒன்று வேண்டியிருப்பதில்தான் ஆரம்பிக்கிறது என்பதை அந்தச் சொல் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. காப்பியை நாம் எதுவும் கேட்கவேண்டியதில்லை, குடித்தால் போதும். மனிதர்களைக் கேட்கவேண்டும். ஸ்பானியர் மறந்துபோன பழைய லத்தீன் அர்த்தம், கேள் என்ற அர்த்தம், அங்கேதான் தேவைப்படுகிறது. அது இல்லாத கெரேர், குடும்பத்தின் மற்றப் பிள்ளைகள் போன வழியில் போய்விடும். பையன், "பரீட்சைக்கு இவ்வளவு எழுத இடம் இருக்காது, சார்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினான்.

மேஜை டிராயரில் இருந்த கடிதத்தை அன்று ராத்திரி எடுத்துப் படித்தேன். "நேசிக்கிறேன்" என்பது பேச்சு வழக்கில் இல்லை என்பது மட்டுமா அந்த அம்மாளின் குறை? இல்லை என்று இப்போது தெரிந்தது. என் கதாநாயகன் தாழ்வாரத்தில் நின்று படித்தது ஒரு ரெகெரிமியெந்தோ. எதிரே நின்றவளுக்குப் புரியாத பாஷையில், அவளுடைய பதிலுக்குக் காத்திராமல், தன் சாசனத்தை வாசித்துவிட்டுப் போகிறான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள் என்று நான் எழுதியிருந்தேன். சம்மதம் என்று நானே வைத்துக்கொண்டேன். அத்தியாயம் முடிந்தது. பதினெட்டு வாரமாக அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவனும் கேட்கவில்லை. அவளைப் படைத்த நானும் கேட்கவில்லை.

நாவல் புஸ்தகமாக வந்தபோது அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அதே தாழ்வாரம்தான், அதே பெஞ்சுதான். அவன் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறான். பிறகு, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறான். அவ்வளவுதான் மாற்றம், மூன்று வார்த்தை. சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் செய்தேன்.

ஆனால் கேள்வி என்று ஒன்று போட்டுவிட்டால் பதிலும் வரத்தானே செய்யும்? அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு வேண்டியது நான் முடிவு செய்து வைத்திருந்தது அல்ல. அதற்கப்புறம் இருந்த மூன்று அத்தியாயங்களையும் அடித்துவிட்டு மறுபடி எழுதவேண்டியதாயிற்று.